வாசகர் கேள்வி – பதில்: மழைக்கு முன் ஏரிக்கரை

ஐப்பசி நெருங்கும்போது ஏரிக்கரை பற்றிய கடிதங்கள் கூடுவது வழக்கம். பாசனத்துக்கென்று நாம் பேசும் ஏரி, மழைக்காலத்தில் ஊருக்கு மேலே வெள்ளத்தை நிறுத்தி வைக்கும் ஒரு மண் அணையாகவும் வேலை செய்கிறது என்பதால், கரையின் பராமரிப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாசனப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

ஏரி நிறைந்தால் கரையின் வெளிப்பக்க அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிகிறது. பத்து ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது, பயமில்லை என்கிறார்கள் பெரியவர்கள். களிமண்ணைக் கொட்டி அடைத்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். எதைச் செய்வது?
(வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்)

மண்ணால் கட்டிய கரை கொஞ்சமாவது கசியத்தான் செய்யும்; மண்பானை வியர்ப்பதைப் போன்றது அது. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கசிவோடு மண்ணும் வருகிறதா என்பதை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்; பிறகு அரைமணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று கவனியுங்கள். எதுவும் படியவில்லை என்றால் பெரியவர்கள் சொல்வதை இன்றைக்கு நம்பலாம். நாளைக்கும் நம்ப வேண்டுமானால் ஓர் அளவு தேவை. கசிவை ஒரு சிறு பள்ளத்தில் திரட்டி, குழாய்த் துண்டு ஒன்றின் வழியே விழச் செய்து, பத்து லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்பதையும், அதே நேரத்தில் மதகில் உள்ள அளவுகோலில் ஏரியின் மட்டம் எத்தனை அடி காட்டுகிறது என்பதையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏரியில் அதே மட்டம் இருக்கும்போது, சென்ற ஆண்டு 40 நொடியில் நிறைந்த வாளி இந்த ஆண்டு 25 நொடியில் நிறைந்தால், கரைக்குள் தண்ணீரின் வழி அகலமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இளைஞர்களின் யோசனையைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தில் களிமண்ணால் அடைத்தால், வெளியேற வழியில்லாத தண்ணீர் கரையின் உள்ளேயே மேலேறி, மண்ணை ஊறவைத்து, வெளிச்சரிவைச் சரித்துவிடும். அல்லது சில அடி தள்ளி வேறொரு வாயைத் திறந்துகொள்ளும். களிமண் போட வேண்டிய இடம் ஏரிப் பக்கம், அதுவும் தண்ணீர் வற்றிய பிறகு. வெளிப்பக்கத்தில் செய்ய வேண்டியது, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை நிறுத்துவது. கசியும் இடத்தில் முதலில் ஆற்றுமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் கைக்கல் என்று பரப்பினால் அது வடிகட்டியாக வேலை செய்யும். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் மணல் ஜல்லியின் இடுக்குகளில் புகுந்து ஓடிவிடும்.

ஒரு கார்த்திகை மாதத்து இரவில், மதகிலிருந்து இருபது அடி தள்ளியிருந்த வயலில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். உலை கொதிப்பதுபோல் தண்ணீர் மணலைப் புரட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்த மணல் சுற்றிலும் எறும்புப் புற்றைப்போல் வட்டமாகக் குவிந்திருந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு முறை கல்லும் மண்ணும் போட்டு அமுக்கியிருந்தார்கள். இரண்டு முறையும் அது பக்கத்தில் கிளம்பியிருந்தது. நாங்கள் அதை அடைக்கவில்லை. சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, வளையத்துக்குள் தண்ணீரை முழங்கால் அளவுக்கு நிற்கவிட்டு, ஒரு பக்கத்தில் வழிந்தோட இடம் வைத்தோம். உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை, கீழேயிருந்து வருவதன் வேகத்தைக் குறைத்தது. விடியும்போது வழிந்த தண்ணீரில் காலடி மணல் தெரிந்தது. அந்தக் கோடையில்தான் காரணம் தெரிந்தது: மதகின் பழைய செங்கல் சுரங்கத்தில் ஓர் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. மதகை ஒட்டி வரும் கசிவை மற்ற இடத்துக் கசிவைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மண்ணும் கட்டுமானமும் சேரும் இடத்தில் கரை ஒருபோதும் முழுதாகக் கெட்டிப்படுவதில்லை.

"பத்து ஆண்டுகளாக இருக்கிறது" என்பது ஆறுதல் தரும் வாதமே தவிர உத்தரவாதம் அல்ல. இலங்கையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நின்ற கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தெளிந்த கசிவு கலங்கத் தொடங்கிய பிறகு கிடைக்கும் நேரமும் குறைவு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1976 ஜூன் 5 அன்று டீட்டன் மண் அணையின் சரிவில் காலையில் கண்ட கசிவு நண்பகலுக்குள் அணையையே கொண்டுபோனது. ஓட்டையை மண்ணால் மூடப் போன புல்டோசர்களும் அதிலேயே விழுந்தன.

கலங்கலை, அதாவது ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் கட்டுமானத்தை, ஓர் அடி உயர்த்திக் கட்டினால் இரண்டாம் போகத்துக்கும் தண்ணீர் நிற்கும் என்று ஆயக்கட்டு (ஏரிப் பாசன நிலத்து) விவசாயிகள் கேட்கிறோம். கரை கலங்கலைவிட ஆறடி உயரமாக இருக்கும்போது இதில் என்ன ஆபத்து?
(வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

உங்கள் தேவை நியாயமானது, கேட்கும் வழி ஆபத்தானது. கலங்கலுக்கும் கரையின் தலைக்கும் இடையே உள்ள ஆறடி, வெறுமனே கிடக்கும் இடம் அல்ல. அதன் கீழ்ப்பகுதி வெள்ளம் கலங்கலின் மேல் ஏறி ஓடுவதற்கானது. மேல்பகுதி அலையும் காற்றும் மழைக்காலங்களில் கரை அமுங்குவதும் தின்பதற்கானது.

கணக்காகவே பார்ப்போம். சென்னை மாகாணத்து ஏரிகளுக்கு வெள்ள அளவை மதிப்பிட ரைவ்ஸ் என்ற பொறியாளர் 1884-இல் ஒரு சூத்திரத்தை வகுத்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு (கனமூலத்தின் வர்க்கம்), ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்த எண் 6.8, உள்நாட்டுக்கு 8.5, மலையடிவாரத்துக்கு 10.2. நீர்ப்பிடிப்பு 8 சதுர கிலோமீட்டர் என்றால், கடலோர மாவட்டத்தில் நொடிக்கு 27 கன மீட்டர் வெள்ளம் வரும். தண்ணீர் மூன்றடி ஆழத்தில் வழிந்தால், இந்த வெள்ளத்தை வெளியேற்ற ஏறக்குறைய 19 மீட்டர் நீளக் கலங்கல் போதும். இப்போது நீங்கள் கலங்கலை ஓர் அடி உயர்த்துகிறீர்கள். வெள்ளத்தின் உச்சமட்டம் பழைய இடத்திலேயே இருக்க வேண்டுமானால், வழியும் ஆழம் இரண்டடியாகக் குறையும். கலங்கல் வெளியேற்றும் நீர் ஆழத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. 27 கன மீட்டர் போன இடத்தில் 15-க்கும் குறைவாகவே போகும். மீதி 12 கன மீட்டர், ஒவ்வொரு நொடியும், ஏரிக்குள் ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்டது ஓர் அடி. இழந்தது கலங்கலில் பாதி.

அந்த 27 கன மீட்டரே இன்றைய மழைக்குப் போதாது என்பது என் கருத்து. 8 சதுர கிலோமீட்டரில் நொடிக்கு 27 கன மீட்டர் என்பது, மணிக்கு 1.2 சென்டிமீட்டர் மழை முழுதும் ஓடிவருவதற்குச் சமம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சராசரி மணிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. ஒரு குளம் உடைந்தால் அதன் வெள்ளம் முழுதும் அடுத்த குளத்தின் தலையில் ஒரே நேரத்தில் இறங்குகிறது. சங்கிலித் தொடராக அமைந்த நம் ஏரிகளில், மேலே இருப்பவர்களின் கலங்கல் கீழே இருப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை.

பழைய கலங்கல்கள் பலவற்றின் தலையில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழைக்காலம் முடிந்த பிறகு அந்தக் கற்களுக்கு இடையே புல்கட்டியும் மண்ணும் வைத்துக் கடைசி மழையின் நீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. மழை தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும். உங்கள் தேவைக்கு விடை அந்தக் கற்களிலும், ஏரி உள்வாயில் (தண்ணீர் தேங்கும் பரப்பில்) படிந்திருக்கும் வண்டலிலும் இருக்கிறது.

எங்கள் ஏரியில் வண்டலை எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கரையை ஒட்டியே எடுத்தால் டிராக்டர் நடை மிச்சமாகும், எடுத்த மண்ணைக் கரைமேலேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?
(வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்)

சரியில்லை. கரையின் அடியில் பள்ளம் தோண்டுவது, சுவரில் சாய்ந்து நிற்பவரின் காலடி மண்ணை எடுப்பதற்குச் சமம். அதைவிடக் கெட்டது, பல நூறு மழைக்காலங்களில் ஏரியின் அடியில் படிந்த மென்மையான வண்டல் தானே ஒரு கம்பளமாக இருந்து தண்ணீர் கீழே இறங்குவதைத் தடுக்கிறது என்பது. அதை உரித்து, அடியில் இருக்கும் மணல் படுகையைத் திறந்துவிட்டால், தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வெளிப்பக்க வயலில் கிளம்பும். முதல் கேள்வியில் சொன்ன கொதிக்கும் உலை அப்படியும் உருவாகும். கரையிலிருந்து கரை உயரத்தைப்போல் பல மடங்கு தூரம் விட்டு, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், சீராகச் சுரண்டி எடுங்கள்.

எடுத்த மண்ணைக் கரையில் கொட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டல் வயலுக்குத் தங்கம், கரைக்குத் தகரம். அது காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். கரைக்கு வேண்டியது களியும் மணலும் கலந்த மண். அதையும் பழைய சரிவின்மேல் அப்படியே கொட்டினால், முதல் மழையில் தோல் உரிவதுபோல் வழுக்கி இறங்கிவிடும். பழைய சரிவிலுள்ள புல்லையும் வேரையும் நீக்கி, படிபடியாக வெட்டி, புது மண்ணை அரையடிக்கும் சற்றே கூடுதலான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் அமுக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை: ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் தூளாகாமல் சில துண்டுகளாக உடைய வேண்டும்.

கரை முழுதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மழைக்கு முன் வெட்டிவிடலாமா? பனையையும் எடுக்க வேண்டுமா?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

இப்போது மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள், கரையின் சரிவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. புதர் மண்டிய கரையின் மிகப் பெரிய கெடுதல், வெடிப்பும் கசிவும் வளையும் யார் கண்ணிலும் படாமல் போவதுதான். வேரைத் தோண்டுவதைக் கோடைக்குத் தள்ளிப்போடுங்கள். மழைக்கு முந்தைய வாரத்தில் பொக்கலைனை வைத்து வேரைப் பிடுங்கினால், கரையில் கெட்டிப்படாத குழிகளை நீங்களே உண்டாக்கித் தருகிறீர்கள். வெட்டிய அடிமரத்தை அப்படியே விட்டுவிடுவதும் கூடாது. பச்சை வேர் மண்ணைப் பிடிக்கும். செத்த வேர் சில ஆண்டுகளில் மக்கி, கரைக்குள் ஒரு குழாயை விட்டுச் செல்லும். கோடையில் வேரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, அருகம்புல் பதியுங்கள். பனைக்கு ஆழத்தில் ஓடும் தடித்த ஆணிவேரும் பக்கவேரும் இல்லை, சல்லிவேர்க் கொத்துதான். அதனால் நின்றுகொண்டிருக்கும் பனையை நான் தொடச் சொல்ல மாட்டேன்.

நண்டு வளையால் கரை உடையும் என்பது உண்மையா?
(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

எலி, நண்டு, கரையான் மூன்றும் கரையைக் குடையும். நீர்மட்டம் வளையின் வாயைத் தொடும்போது அதுவே கசிவுக்கு முதல் அடியாகலாம். ஆனால் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலையில் திவரே அணை உடைந்தபோது பழி நண்டின்மேல் போடப்பட்டதையும், கசிவைப் பற்றி ஊர் மக்கள் முன்பே முறையிட்டிருந்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வளையைத் தோண்டி அதன் முடிவு வரை போய், மண்ணிட்டு இடித்து நிரப்புவது ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை.

எங்கள் ஏரியின் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? அணைப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்துமா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரை உயரமானவற்றுக்கும் உரியது. நம் ஊர் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை 10 மீட்டரை எட்டுவதில்லை. ஆகவே அந்தச் சட்டம் கட்டாயமாக்கும் மழைக்கு முந்தைய, மழைக்குப் பிந்தைய ஆய்வுகள் உங்கள் ஏரியைத் தேடி வராது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, எழுத்து மூலம் கேட்டுத்தான் பெற வேண்டும். வாளிக் கணக்கு எழுதிய நோட்டின் நகலை இணைத்தால், வெறும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வெள்ளம் கரையைத் தாண்டும் நிலை வந்தால், நாமே கரையை வெட்டிவிடலாமா?
(வாசகர், கடலூர் மாவட்டம்)

மண்கரையின் தலைமேல் தண்ணீர் வழிவது தொடர்ந்தால், வெளிச்சரிவு அரிக்கப்பட்டு உடைப்பு விழும் என்பதில் சந்தேகமில்லை. குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு-2 அணையின் மண்கரைகள் 1979 ஆகஸ்ட் 11 அன்று அப்படித்தான் போயின. ஆனாலும் ஊரார் தன்னிச்சையாக வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன். வெட்டிய வாய் நீங்கள் நினைத்த அகலத்தோடு நிற்காது, அதன் வெள்ளம் போகும் திசையில் இருப்பவர்களுக்குத் தகவலும் போயிருக்காது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2022 ஆகஸ்டில் காரம் அணை கசிந்தபோது, கீழே உள்ள கிராமங்களைக் காலி செய்துவிட்டு, அணையின் பக்கத்தில் தனிக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். வரிசை அதுதான்: முதலில் ஆட்கள், பிறகு வெட்டு. கரையின் நடுவில், உயரமான இடத்தில் வெட்டுவது தற்கொலை. கரை தாழ்ந்து மேட்டு நிலத்தோடு சேரும் கடைக்கோடியில், கெட்டித் தரை உள்ள இடத்தில் அதிகாரிகள் முன்னிலையில் செய்ய வேண்டிய வேலை அது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077-ஐக் கரையில் இருக்கும் ஒவ்வொருவரின் செல்போனிலும் இப்போதே பதிந்துவையுங்கள். மதகுகளை ஒரே மூச்சில் முழுதாகத் திறந்து ஏரியை விரைவாக வடிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஊறிய களிமண் கரைக்கு முன்னால் நிற்கும் தண்ணீர் சட்டென்று இறங்கினால், உள்சரிவு தாங்குவாரின்றி ஏரிக்குள்ளேயே சரியும்.

முன்பு எங்கள் ஊரில் ஏரியைக் காவல் பார்க்கும் நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. அவருக்குப் பதிலாகக் கேமரா வைக்கலாம் என்கிறார்கள்.
(வாசகர், மதுரை மாவட்டம்)

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்ததைப் படிக்கிறோம். நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரில் இருந்தவர்கள் அதன் கடைசிக் கண்ணி. கேமரா நீர்மட்டத்தைக் காட்டும். ஆனால் செருப்பில்லாத காலில் கரையடியில் நடக்கும்போது, நேற்று கெட்டியாக இருந்த இடம் இன்று 'சதக்' என்று உள்வாங்குவதை அது உணராது. கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மழையில் தினமும், ஏரி கலங்கலைத் தொட்டுவிட்டால் இரவும் பகலும் என்று ஒருவர் நடக்க வேண்டும்; கரையின் தலையில் மட்டும் அல்ல, வெளிப்பக்க அடியை ஒட்டி, கையில் டார்ச்சும் ஒரு கட்டு சிவப்புத் துணியும் வைத்துக்கொண்டு. சந்தேகமான இடத்தில் ஒரு குச்சியை நட்டுத் துணியைக் கட்டிவிட்டால், மறுநாள் வருகிறவர் தேட வேண்டியதில்லை.

அவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். முன்பு அறுவடையில் களத்து மேட்டில் நெல்லாக அளந்தார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், இருபோகமும் இல்லாமல் போன பிறகு அந்த நெல்லும் நின்றுபோய், கரை மூன்று ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு ஏரியின் மீன்பாசி ஏலத்தில் வந்த தொகையிலிருந்து ஒரு பங்கை ஐப்பசி முதல் தை வரை இரண்டு பேருக்குக் கூலியாக ஒதுக்கினார்கள். ஏலம் எடுத்தவர் முதலில் முணுமுணுத்தார். கரை உடைந்தால் மீனும் போய்விடும் என்று யாரோ சொன்ன பிறகு, டார்ச்சுக்கு பேட்டரியை அவரே வாங்கித் தருகிறார்.